சிலிண்டர் மாற்றும்போது அந்தச் சின்ன வாஷரைப் பாருங்கள்

போன மாதம் ஒரு ராத்திரி, சாம்பார் பாதி கொதிக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டரை மாட்டி ரெகுலேட்டரைத் திறந்தேன், லேசாக வாடை. டியூபிலும் அடுப்புப் பக்கத்திலும் சோப்புத் தண்ணீர் தடவினேன், ஒரு குமிழியும் இல்லை. ரெகுலேட்டரை மூடினால் வாடை நிற்கிறது, திறந்தால் வருகிறது. கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டுவிட்டுக் கடை இட்லி வாங்கி வந்தேன். காலையில் சிலிண்டர் போடுகிற அண்ணன் வந்து வால்வுக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். "உள்ள வாஷரே இல்லையே சார்!"

அதற்குப் பிறகு நான் மாற்றும் முறை இது.

1. அடுப்பு, ரெகுலேட்டர் இரண்டையும் மூடுங்கள். ஜன்னலைத் திறங்கள். சாமி விளக்கும் எரியக் கூடாது.

2. புது சிலிண்டரின் நைலான் கயிற்றை இழுத்து மூடியை எடுங்கள். மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், அன்று என்னைக் காப்பாற்றியது அதுதான்.

3. இதுதான் நான் கோட்டை விட்ட இடம். வால்வின் உள்சுவரில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்க வேண்டும், வாஷர் என்பது இதுதான். டார்ச் அடித்துப் பாருங்கள், சுண்டு விரலால் தொட்டும் பாருங்கள். வெடித்திருந்தாலோ காணோம் என்றாலோ மாட்டவே வேண்டாம். ரெகுலேட்டரைத் திறக்கும்போதுதான் அதன் முனை வால்வின் நடு ஊசியை அழுத்துகிறது. அப்போது வெளியே வரும் கேஸ் பக்கவாட்டில் கசியாமல் தடுப்பது இந்த வளையம்தான். அந்த ஊசியை நீங்கள் குத்திப் பார்க்காதீர்கள். சிலிண்டர் வரும்போதே அண்ணனிடம் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், அலுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

4. ரெகுலேட்டரின் வெளியே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் வளையத்தைத் தூக்கிப் பிடித்து, வால்வில் வைத்து, லேசாகத் திருகி அழுத்துங்கள். வளையத்தைக் கீழே இறக்கினால் 'டக்' என்று கேட்கும்.

5. அடுப்பு மூடியிருக்க, ரெகுலேட்டரைத் திறந்து சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ரெகுலேட்டர் வால்வில் உட்காரும் விளிம்பை விட்டுவிடாதீர்கள். நான் விட்டது அதைத்தான். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

டியூப் விஷயத்தில் நான் கறார். கம்பி வலை வைத்த ஆரஞ்சு சுரக்ஷா டியூப் மட்டும்தான். ஐந்து வருடத்தில் மாற்றிவிடுவேன். மலிவான பச்சை ரப்பர் டியூபைத் தொடவே மாட்டேன்.

வாடை பலமாக வந்தால்? நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டும் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அதனால் கதவையும் திறந்து விடுங்கள். எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்த்துத்தான். வெளியே போய் 1906க்கு அழையுங்கள்.

பின்சேர்க்கை: சிலிண்டரின் பிடிக்குக் கீழே உள்ள பட்டையில் 'C-27' மாதிரி இருப்பது என்ன என்று சிலர் கேட்டார்கள். அடுத்த பரிசோதனைக்கான கெடு அது. A முதல் D வரை மூன்று மூன்று மாதம். C-27 என்றால் 2027 செப்டம்பர் வரை. கெடு தாண்டியிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.