மாதவரத்தில் மனையை இரண்டாகப் பிரித்தோம்

அப்பா வாங்கிப் போட்ட மனையை நானும் தம்பியும் பிரித்துக்கொள்ள, பாகப்பிரிவினைப் பத்திரம் போதும் என்றார்கள் பலர். போதாது. மனையைத் துண்டாகப் பிரிக்கும் உட்பிரிவுக்கு அரசின் திட்ட அனுமதி இல்லையென்றால் நாளைக்கு வீட்டு பிளானும் வங்கிக் கடனும் இழுக்கும்.

அந்த அனுமதிக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. பத்திரத்தில் ஒரு அளவு, புலப்படத்தில் (அரசு சர்வே வரைபடம்) ஒரு அளவு. லைசென்ஸ் சர்வேயரைக் கூப்பிட்டு அளந்தோம். பின்மூலையில் முள்செடிக்கு அடியில், மண்ணில் புதைந்து கிடந்தது பழைய எல்லைக்கல். பக்கத்து வீட்டுச் சுவர் அதைத் தாண்டி எங்கள் பக்கம் வந்திருந்தது. பட்டாவில் உள்ளது, பத்திரத்தில் உள்ளது, தரையில் அளந்தது, இந்த மூன்றில் எந்த அளவு குறைவோ அதற்கே புது வரைபடம் போட்டோம். தம்பிக்கு மனசே இல்லை. அரையடிக்காக வழக்கு என்று போனால் வருஷக்கணக்கில் அலையணும் என்று யோசித்து, அப்புறம் சரி என்றான். இரண்டு மனையும் தெருவைத் தொடும்படி நீளவாக்கில் பிரித்ததால் வழிப் பிரச்சினை வரவில்லை.

அனுமதி வந்துவிட்டது. ஆனால் பட்டா உட்பிரிவு, அதாவது பட்டாவை ஆளுக்கொன்றாகப் பிரிப்பது, தனி வேலை. இ-சேவை மையத்தில் அதற்கு வேறு மனு கொடுத்தால் ஆளுக்கொரு உட்பிரிவு எண் கிடைக்கும்.