கறுப்புக் குழிக்குப் பின்னால்: எம்.ஆர்.ஐ.யில் காந்த ஏற்புத்திறனைக் கண்ணால் காண்போம்

தலை எம்.ஆர்.ஐ. படங்கள் சிலவற்றில், மூக்குக்கு மேலே மூளையின் முன் அடிப்பகுதியில் ஒரு கறுப்புக் குழி விழுந்திருக்கும். அங்கே மூளை இல்லாமல் போய்விடவில்லை. சைனஸ் அறைகளில் உள்ள காற்றுக்கும் அதை ஒட்டிய திசுவுக்கும் காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்தில் வைத்தால் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) வேறு வேறு. அந்த வேறுபாடு சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கோணலாக்கிவிடுகிறது. குழி என்பது அதனால் வந்த சேதம் மட்டுமே. புலத்தின் உருவம் அதில் தெரியாது. அதைப் பார்க்க ஒரு டேபிள் டென்னிஸ் பந்து போதும்.

முதல் படி: மாதிரி

40 மில்லிமீட்டர் பந்து ஒன்று, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் டப்பா, லிட்டருக்கு 20 கிராம் வீதம் கடல்பாசித் தூள். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துத் தூளைக் கரையுங்கள். சூடு ஓரளவு தணிந்ததும், உறையத் தொடங்கும் முன்பே, மெதுவாக ஊற்றுங்கள். பந்து மிதக்கும், மூங்கில் குச்சியால் நடுவில் அழுத்திப் பிடித்தபடி உறையவிடுங்கள்.

குமிழி சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் டப்பாவில் அவசரமாகக் கலக்கி ஊற்றியதால் கடுகளவுக் குமிழிகள் தங்கிவிட்டன. படத்தில் ஒவ்வொன்றும் மிளகளவு கறுப்புப் புள்ளியாக நின்றது. ஒரு பொருள் தன் அளவைவிடப் பெரிதாக நிழல் விழவைக்கும் என்பதை அன்றுதான் மனதார நம்பினேன்.

ஆணி, கிளிப் என்று இரும்பு எதையும் உள்ளே வைக்கவே கூடாது. கருவியைப் பயிற்சி பெற்றவர்தான் இயக்க வேண்டும்.

இரண்டாம் படி: படம் எடுத்தல்

1.5 டெஸ்லா கருவியில், குழாயின் நீளவாக்கு அச்சு (கருவியின் முதன்மைக் காந்தப்புலத்தின் திசை) படத்தளத்துக்குள் அடங்கும்படி வெட்டுத் திசையைத் தேர்ந்தெடுங்கள். கிரேடியன்ட் எக்கோ என்ற முறையில் எக்கோ நேரம் (ரேடியோத் துடிப்பு கொடுத்ததிலிருந்து சமிக்ஞையைப் பெறும் வரையான நேரம்) 5, 6, 20 மில்லிவினாடி என மூன்று படங்கள். அதே இடத்தில் ஸ்பின் எக்கோ என்ற மற்றொரு முறையில் ஒன்று. கட்டப் படத்தையும் (ஒவ்வொரு புள்ளியிலும் சமிக்ஞை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் படம்) சேமிக்கச் சொல்லுங்கள். பல கருவிகள் தாமாக அதைச் சேமிப்பதில்லை.

மூன்றாம் படி: கட்டப் படத்தைப் படித்தல்

சமிக்ஞையின் பலத்தை மட்டும் காட்டும் வழக்கமான செறிவுப் படத்தில், எக்கோ நேரம் 5இலிருந்து 20க்குப் போகும்போது பந்தைச் சுற்றிய கறுப்பு வீங்குவது மட்டும்தான் தெரியும். கட்டப் படத்தைத் திறந்தால் புலமே வரிவரியாக எழுந்து நிற்கும்: அச்சின் திசையில் பந்தின் இரு முனைகளிலும் இரண்டு இதழ்கள், பக்கவாட்டில் எதிர்க்குறியோடு இரண்டு. அச்சிலிருந்து 54.7 பாகைக் கோணத்தில் இவை ஒன்றையொன்று சந்திக்கும் கோட்டில் மாற்றம் பூச்சியம். எனக்கு இந்தப் படம் இன்றும் அலுக்கவில்லை.

கணக்கும் எளிது. தண்ணீரின் ஏற்புத்திறன் பத்து லட்சத்தில் சுமார் −9 பங்கு, காற்றினுடையது +0.4 பங்கு, வித்தியாசம் 9.4. பந்தின் முனையில் புலம் இதில் மூன்றில் இரண்டு பங்கு கூடும். நடுவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 1.5 டெஸ்லாவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது சமிக்ஞையின் அதிர்வெண்ணில் 64 ஹெர்ட்ஸ். ஆகவே முனையில் ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸ் ஏற்றம், நடுவட்டத்தில் 200 ஹெர்ட்ஸ் இறக்கம். மையத்திலிருந்து தூரம் இரட்டித்தால் விளைவு எட்டில் ஒன்றாகச் சுருங்கும். அச்சில் மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி 50 ஹெர்ட்ஸ். 20 மில்லிவினாடியில் அது சரியாக ஒரு முழுச் சுற்று. பந்தை நெருங்க நெருங்க வரிகள் நெருக்கியடிக்கும். படத்தின் மிகச் சிறிய கன அலகான வாக்சல் ஒன்றுக்குள்ளேயே பல கட்டங்கள் கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில்தான் கறுப்பு தொடங்குகிறது.

நான்காம் படி: புல வரைபடம்

6 மில்லிவினாடிக் கட்டத்திலிருந்து 5 மில்லிவினாடிக் கட்டத்தைக் கழியுங்கள். இடைவெளி 1 மில்லிவினாடி என்பதால் ஒரு முழுச் சுற்று 1000 ஹெர்ட்ஸ். கழித்த விடை அரைச் சுற்றைத் தாண்டினால் ஒரு சுற்றைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். நமக்கு வேண்டிய 400 ஹெர்ட்ஸ் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது.

ஐந்தாம் படி: ஸ்பின் எக்கோவோடு ஒப்பிடுதல்

ஸ்பின் எக்கோவில் கொடுக்கும் 180 பாகை ரேடியோத் துடிப்பு சிதறிய கட்டங்களை மீண்டும் ஒன்றுசேர்ப்பதால் கறுப்பு பெருமளவு நிறைந்துவிடும். ஆனால் பந்து உருண்டையாகத் தெரியாது. அதிர்வெண் திசை எனப்படும் ஒரு திசையில் கருவி இடத்தை அதிர்வெண்ணை வைத்தே கண்டுகொள்கிறது. அங்கே பிக்சலுக்கு 100 ஹெர்ட்ஸ் பட்டையகலம் வைத்திருந்தால், 400 ஹெர்ட்ஸ் விலகிய முனை 4 பிக்சல் இடம்பெயர்ந்து நிற்கும். ஓரிடத்தில் சமிக்ஞை குவிந்து பளிச்சென வெள்ளைக் கோடு விழும். அதிர்வெண் திசையை 90 பாகை மாற்றி மறுபடி எடுங்கள். அசையாத அதே பந்து வேறு வடிவத்தில் கோணியிருக்கும்.