கடைப் பலகை எழுதியவரின் கையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பினாங்குக்கு வருகிறவர்கள் ஆர்மேனியன் ஸ்திரீட்டில் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால் வரிசை பிடித்து நிற்கிறார்கள். நல்ல ஓவியம்தான், பாருங்கள். அப்புறம் அப்படியே நடந்து, நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் வாருங்கள். அங்கே தலைக்கு மேலே கையால் எழுதிய பழைய பலகைகள் சில இன்னும் இருக்கின்றன.

மாலை ஐந்து மணிக்கு மேல் போவது நல்லது. சாய்ந்த வெயிலில்தான் எனாமல் பெயிண்டின் மேடு தெரியும். பலகை முழுவதையும் பார்க்காதீர்கள், ஓர் எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் ‘லை’யைத் தேடுவேன். இன்று ‘ல’வுக்கு முன்னால் குறியைத் தனியாகப் போடுகிறோம். பழைய எழுத்தில் அது ‘ல’வோடு ஒட்டி, யானைத் தும்பிக்கை போல மேலே வளையும். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது, பிறகு இங்கேயும் மாறியது. ஆகவே தும்பிக்கையைப் பார்த்தால் ஒன்று பலகை பழையது, அல்லது எழுதியவரின் கை பழையது. ஒரு பூக்கடையில் ‘மாலை’ என்ற சொல்லில் அந்தத் தும்பிக்கை பருத்துத் தொடங்கி, நுனியில் ஒரு மயிரிழையாக முடிகிறது. இடையில் தூரிகையை எடுத்த தடமே இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

அடுத்து இடத்தைப் பாருங்கள். மலாய் வரி பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழுக்கு மிஞ்சுவது ஒரு சின்னப் பட்டை. கணக்குத் தெரியாதவர் எழுதினால் கடைசி எழுத்துகள் நெருங்கி நசுங்கும். அந்தப் பூக்கடைப் பலகையில் ‘கடை’யும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

பிறகு விசாரியுங்கள். முதலில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு. நான் கேட்டபோது பூக்கடை அக்கா சொன்னார்: “யாரோ ஒரு பெரியவர் தம்பி, ஏணியில நின்னு ரெண்டு நாளா எழுதினாரு. பேரு கேக்கல.”

சரி, பெயர் கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். அந்த ‘லை’யை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த தெருக்களில் நடங்கள். மூன்று வாரம் கழித்து ஒரு சந்தில், ‘முடிதிருத்தும் நிலையம்’ என்ற மங்கிய பச்சைப் பலகையைப் பார்த்தேன். அதே பருமன், அதே மயிரிழை நுனி.