லைன் வீட்டுப் புள்ளைய பாதியில விட்டுடாம பாத்துக்கறது எப்படி

நீலகிரியில கூடலூர், பந்தலூர் பக்கம் புதுசா போஸ்டிங் வாங்கி வர்ற டீச்சர்ஸுக்குதான் இத எழுதுறேன். தேயிலை எஸ்டேட்ல தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டி விட்ட லைன் வீட்டுல இருந்து வர்ற, படிப்பு ஏறாத புள்ள ஒண்ணு உங்க கிளாஸ்ல கண்டிப்பா இருக்கும்.

மொதல்ல வீட்டுக்குப் போங்க. ஞாயித்துக்கிழமை போனாதான் அம்மாவப் பாக்க முடியும், மத்த நாள்ல கொழுந்து எடை போட்டுட்டு வர சாயங்காலம் ஆயிடும். குறை சொல்றதுக்குப் போகாதீங்க, குடுக்கற கட்டஞ்சாயாவ குடிச்சிட்டு உக்காந்து பேசுங்க. நான் அப்படி ஒரு ஆடி மழையில போனப்ப கூரை ஒழுகிட்டு இருந்துச்சு, பையன் நோட்டெல்லாத்தையும் அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருந்தான், அதுக்கு முந்தின வாரம்தான் நோட்டு ஏண்டா நனைஞ்சிருக்குன்னு எல்லார் முன்னாடியும் அவன நிக்க வச்சிருந்தேன். இன்னும் மனசு உறுத்துது.

வழியில யானை நின்னா லேட்டாதான் வருவாங்க, கேட்ல நிறுத்தாதீங்க.

எட்டாவது வந்தும் எழுத்துக்கூட்ட தெரியலன்னா ரெண்டாங்கிளாஸ் புக்க நீட்டாதீங்க, கூசிப் போயிடுவாங்க. மதியம் சாப்பிட்டதும் தனியா பத்து நிமிஷம், பஸ் போர்டு, மளிகை லிஸ்ட்டு, அம்மாவோட சம்பள சீட்டு இதெல்லாம் வச்சு படிக்க வைங்க. அந்த அரிசி டப்பா பையன் பஸ் போர்டுல விரல வச்சு வச்சு சே...ர...ம்...பா...டின்னு சொல்லி முடிச்சிட்டு என் மூஞ்சியப் பாத்தான் பாருங்க, அன்னிக்கு எனக்கு சோறே எறங்கல, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது சர்டிஃபிகேட். எட்டாவதுல என்எம்எம்எஸ்னு வசதி இல்லாத புள்ளைங்களுக்கான மத்திய அரசு ஸ்காலர்ஷிப் பரீட்சை இருக்கு, செலக்ட் ஆனா ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் மாசம் 1000 ரூபா ஸ்காலர்ஷிப். வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் கடைசி நேரத்துல ஓடினா கிடைக்காது, ஜூன்லயே இ-சேவைல போட வைங்க, ஜெராக்ஸ் ஒண்ணு உங்க கிட்டயும் இருக்கட்டும். அவனுக்கு நான் லேட் பண்ணிட்டேன்.

பத்தாவதுல ஃபெயில் ஆனா அன்னிக்கே போன் பண்ணுங்க, நாளைக்குன்னு தள்ளினீங்கன்னா திருப்பூர் பஸ் ஏறிடுவாங்க. இவன் ஏறிட்டான். பனியன் கம்பெனிக்கே போன் போட்டு, திட்டாம, "துணைத் தேர்வு இருக்குடா, கணக்கு ஒண்ணுதான, வா உக்காந்து பாத்துக்கலாம்"னு சொன்னேன். நாலு நாள் கழிச்சு வந்து நின்னான். பாஸ் பண்ணி ஐடிஐ முடிச்சான்.

ட்ரான்ஸ்ஃபர் ஆனாலும் போன் நம்பர மட்டும் மாத்தாதீங்க. போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு அவன் கிட்ட இருந்து போன், "டீச்சர், தங்கச்சி எட்டாவது வந்துட்டா, வருமானச் சான்று வாங்கி வச்சிட்டேன், வேற என்ன வேணும்?"