எட்டுக்குப் பத்து கேட்பதற்கு முன்

எங்கள் ஸ்டுடியோவுக்கு இப்போது படம் எடுத்துக்கொள்ள வருபவர்களைவிட, செல்போனில் எடுத்ததைச் சட்டம் போட வருபவர்கள்தான் அதிகம். பலரும் கேட்பது எட்டுக்குப் பத்து. காரணம் விசாரித்தால், அந்த அளவில் ஒரு பழைய பிரேம் வீட்டில் சும்மா கிடக்கிறது என்பார்கள்.

8x10 அங்குலம் என்பது ஷீட் ஃபிலிம் (தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) காலத்து அளவு, விகிதம் 5:4. டிஎஸ்எல்ஆர் கேமரா தருவது 3:2. அது 24x36 மில்லிமீட்டர் ஃபிலிமின் வழி வந்தது. பெரும்பாலான செல்போன்கள் தருவது 4:3. கேமரா படத்தால் 8x10 தாளை முழுக்க நிரப்பினால் நீளவாக்கில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும். அறுபதாம் கல்யாணக் குரூப் போட்டோவில் அந்த ஆறில் ஒரு பங்கு என்பது ஓரத்தில் நிற்கும் சம்பந்தி வீட்டார். பிறகு யார் பதில் சொல்வது?

ஆகவே படத்தின் விகிதத்தைப் பார்த்துவிட்டு அளவைச் சொல்லுங்கள். கேமரா படமென்றால் 4x6, 8x12, 12x18, 20x30 எதிலும் வெட்டே விழாது. செல்போன் படத்துக்கு 6x8, 12x16. 5x7, ஏ4 இரண்டும் நடுவில் நிற்பவை. எந்தப் படமானாலும் கொஞ்சம் போகும். செல்போனில் ‘ஃபுல்’ என்று திரை நிறையக் காட்டும் அமைப்பை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. பெரும்பாலான போன்களில் அது 4:3 படத்தின் ஓரங்களை நறுக்கித் தருவதுதான்.

பழைய 8x10 பிரேமைத்தான் பயன்படுத்த வேண்டுமா? லேபில் ‘தாளை நிரப்ப வேண்டாம், முழுப் படமும் வரட்டும்’ என்று சொல்லுங்கள். கிடைமட்டக் கேமரா படத்துக்கு மேலும் கீழும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வெள்ளை விழும். பார்க்க மோசமாக இருக்காது. செலவு செய்ய மனம் இருந்தால் இதைவிட அழகான வழி மவுண்ட் போர்டு, அதாவது சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை: 12x16 சட்டத்துக்குள் 8x12 படம், 16x20 சட்டத்துக்குள் 12x16 படம். இரண்டிலும் நான்கு பக்கமும் சரியாக இரண்டு அங்குலம் கிடைக்கும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நீங்களே வெட்டிக் கொண்டுவாருங்கள். இயந்திரம் நடுவைப் பிடித்து இருபுறமும் சமமாக வெட்டும். யார் முக்கியம் என்பது அதற்குத் தெரியாது. போன் கேலரியிலேயே விகிதத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டலாம். கை, கால்களை மூட்டில் வெட்டாதீர்கள். மணிக்கட்டில் முடியும் கை, முடமானது போலத் தெரியும். ஓரத்தில் கால் அங்குலமாவது விட்டுவையுங்கள். சட்டத்தின் உதடு அதை விழுங்கிவிடும். பிரேமை அளக்கும்போதும் முன்பக்கம் அளக்காமல், பின்பலகையைக் கழற்றிக் கண்ணாடி உட்காரும் இடத்தை அளக்க வேண்டும்.

மெகாபிக்சல் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தாலும் 8x12-க்கு 2400x3600 போதும். ஒன்பது மெகாபிக்சல்கூட ஆகவில்லை. 12x18 சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பது என்பதால் 200 போதும். அதற்கும் அதே 2400x3600தான். கெடுப்பது வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். சுருங்கி வந்த படத்தில் ரெசல்யூஷன் எண்ணை மட்டும் 300 என்று மாற்றி எழுதுவதால் இழந்த பிக்சல் திரும்பாது.

மறைந்தவர்களின் படத்துக்கு மட்டும் என் கணக்கு வேறு. மாலை போட்டால் சட்டத்தின் மேல் ஓரமும் இரண்டு பக்கமும் மறைந்துவிடும். ஆகவே முகத்தைப் பெரிதாக்கி நெருக்கி வெட்டக் கூடாது. தலைக்கு மேல் தாராளமாகவும் தோள்களுக்கு வெளியே கொஞ்சமும் இடம் விட வேண்டும். மூலப்படத்தில் அந்த இடம் இல்லையென்றால் பின்னணியை நீட்டித் தரச் சொல்லி ஸ்டுடியோவில் கேளுங்கள். ஒரே நிறப் பின்னணி என்றால் ஐந்து நிமிட வேலை.