மடாலய வாயில் மாளிகையைப் படிப்பது எப்படி?

இங்கிலாந்தின் இடைக்கால மடாலயங்கள் பலவற்றில் தேவாலயம் இடிந்து கிடக்கும், வாயில் மாளிகை, அதாவது மடத்துக்குள் போகும் வழியின் மேல் எழுப்பிய கட்டடம், மட்டும் நிமிர்ந்து நிற்கும். 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகும் அதற்கு உபயோகம் இருந்தது. செயின்ட் ஆல்பன்ஸில் அது சிறையாகி, பிறகு பள்ளியானது.

முகப்பில் தொடங்க வேண்டாம். சிலை மாடங்களும் கேடயச் சின்னங்களும் கண்ணை இழுக்கும். கட்டடத்தின் வேலை தெரிவது நடைவழிக்குள்தான். முதலில் கதவு நின்ற இடத்தைத் தேடுங்கள். பக்கச் சுவர்களில் கீல் மாட்டிய இரும்புக் கொக்கிகளோ அவற்றின் குழிகளோ இருக்கும். கதவுகள் பெரும்பாலும் உள்நோக்கித் திறந்தவை. ஆகவே கதவு படிந்த வெட்டு பார்க்கும் பக்கமே மடத்தின் உள்பக்கம். கதவு நடைவழியின் நடுவே குறுக்குச் சுவரில் இருந்தால், வெளிப்பாதி வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கிக் காத்திருந்த கூடம். இரண்டு வளைவுகள் இருந்தால் பெரியது வண்டிக்கு, சிறியது ஆளுக்கு.

அடுத்து, கணையமரத் துளை. கணையமரம் என்பது மூடிய கதவுக்குப் பின்னால் குறுக்கே இழுத்துப் போடும் தாழ்மரம். ஒரு சுவரில் ஆழமான துளை, எதிரே சிறு குழி. மரம் முழுவதும் சுவருக்குள் சறுக்கி ஒளிய வேண்டும் என்பதால், துளையின் ஆழம் ஏறத்தாழ வாசலின் அகலம் இருக்க வேண்டும். ஒரு கோலை விட்டு அளந்து பாருங்கள். குறைந்தால் துளை தூர்ந்திருக்கலாம், அல்லது வாசலைப் பின்னாளில் அகலப்படுத்தியிருக்கலாம்.

மேலிருந்து இறங்கும் சட்டக்கதவின் பள்ளத்தைக் கூரை வரை தொடருங்கள். மாடி அறைக்குள் அது நுழைய வேண்டும். கதவைத் தூக்கும் உருளை அங்கேதான் இருந்திருக்கும்.

அரண் அமைப்பெல்லாம் வெறும் பகட்டு என்று ஒதுக்குவது தவறு. பெரி செயின்ட் எட்மண்ட்ஸில் 1327-இல் ஊரார் மடத்தைத் தாக்கினார்கள். பிறகு எழுந்த வாயிலில் சிலைகளுக்குப் பின்னால் அம்புத்துளைகள் இருந்தன. தார்ன்டன் மடம் வாயிலை அரணாக்க உரிமம் பெற்றது 1382-இல், உழவர் கிளர்ச்சிக்கு மறு ஆண்டு.

ஆனால் சாரத்துளையை அம்புத்துளை என்று எண்ணிவிடுவோர் உண்டு. சாரத்துளை என்பது கட்டும்போது சாரக் கட்டைகளைச் செருகிய துளை. அது சிறு சதுரம், ஒரே மட்டத்தில் வரிசையாக வரும். அம்புத்துளை நெடிய பிளவு. உள்ளே வில்லாளி நிற்க விரிந்திருக்கும்.

வளைவு குட்டையாகத் தோன்றினால் தரை உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தூண் அடிகள் மண்ணுக்குள் இருக்கும். காலக்கணிப்புக்கு ஜன்னலைக் கடைசியாகவே நம்புங்கள், அதைத்தான் அடிக்கடி மாற்றினார்கள். இரண்டு சுவர்கள் கல் கோக்காமல் நேர்க்கோடாகச் சந்தித்தால், ஒன்று பின்னர் சேர்த்தது.

மாடிப் படிக்கட்டின் வாசலையும் பாருங்கள். அது நடைவழியின் பெரிய கதவுக்கு உள்பக்கம் திறந்தால் பழைய ஏற்பாடாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிப்பக்கம் திறந்தால், மடம் கலைந்தபின் குடியிருந்தவர்கள் உடைத்த வழியா என்று கல்லின் விளிம்பைச் சோதியுங்கள்.