செதில் உதிரும் நாய்த்தோல்: நானும் செய்து பார்த்த தவறுகள்

கடந்த வாரம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் தம் சிப்பிப்பாறை நாயைக் கூட்டி வந்திருந்தார். நாயின் இடுப்பிலும் வால் அடியிலும் செதில் செதிலாக உரிந்து கொண்டிருந்தது. என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டதும் அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் ஆயிண்மெண்ட் டியூபை எடுத்து நீட்டினார். அது அடிவரை பிதுக்கப்பட்டுத் தகடாகியிருந்தது. அந்த டியூபைப் பார்த்ததும் எனக்கு என் பழைய முட்டாள்தனம் நினைவுக்கு வந்தது.

நான் மருத்துவர் அல்லன். மதுரை திருநகரில் நாய்களைக் குளிப்பாட்டியும், ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைப் பராமரித்தும் பிழைப்பவன். நாய்க்கு மனிதர் சோப்புப் போடுவது, தினமும் குளிப்பாட்டுவது போன்ற எல்லோரும் அறிந்த தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளே இங்கே பேச்சு.

காரணம் தெரியுமுன் அரிப்பை அடக்குவது

2009-இல் என்னிடம் கன்னி இன வேட்டை நாய் ஒன்று இருந்தது. கன்னிக்கு முதுகு கறுப்பு என்பதால் செதில் விழுந்தால் பச்சரிசி மாவைத் தூவியதுபோல் பளிச்சென்று தெரியும். இரண்டு நாள் சொறிந்தது, மூன்றாம் நாள் இரவு முழுக்கச் சங்கிலியை உலுக்கியது. நான் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் நிலைமையைச் சொன்னேன். அவர்கள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைகளைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே நாளில் சொறிதல் நின்றது. பக்கத்து வீட்டார் எல்லோரிடமும் அந்த மாத்திரையின் பெருமையைப் பேசினேன்; இரண்டு பேர் வாங்கியும் கொடுத்தார்கள் என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மாத்திரையை நிறுத்தினால் அரிப்புத் திரும்பியது, கொடுத்தால் அடங்கியது. இப்படியே இரண்டரை மாதம் ஓட்டினேன். நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, வாசலெங்கும் சிறுநீர் கழித்தது, விலா தெரிய இருக்க வேண்டிய வேட்டை நாய்க்கு வயிறு தொங்கியது. வெயில் கூடிவிட்டது, அதனால் தாகம் எடுக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். சித்திரைத் திருவிழா முடிந்த மறு வாரம் அதன் கண்ணைச் சுற்றியும் முன்னங்கால்களிலும் முடி கொட்டி, தோல் சிவந்து, சீழ்க் கொப்புளம் கட்டியது. அப்போதுதான் கால்நடை மருத்துவரிடம் போனேன்.

அவர் செய்த முதல் காரியத்தை நான் மறக்கவே இல்லை. தோலை இரு விரலால் பிதுக்கிப் பிடித்து, எண்ணெய் தொட்ட பிளேடால் லேசாக இரத்தம் கசியும் வரை சுரண்டி, அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் காட்டினார். சுருட்டு வடிவத்தில், குட்டைக் கால்களோடு டெமோடெக்ஸ் உண்ணிகள் நெளிந்தன. இவை பெரும்பாலான நாய்களின் மயிர்க்கால்களில் சிறு எண்ணிக்கையில் எப்போதும் இருப்பவை. உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கும். ஸ்டீராய்டு அந்தக் காவலைத்தான் முதலில் தூங்க வைக்கும். தொடக்கத்தில் என் நாய்க்கு இருந்தது வெறும் தெள்ளுப்பூச்சித் தொல்லையாகக்கூட இருந்திருக்கலாம். அதை உடல் முழுவதும் பரவிய சொறியாக மாற்றியது என் கை.

அன்று மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தவும் முடியவில்லை. நாள்பட ஸ்டீராய்டு தின்ற உடல், தான் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் நாய் சுருண்டு விழும். எனவே அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொண்டே, சீழுக்கு ஆன்டிபயாடிக், வாரந்தோறும் உண்ணியைக் கொல்ல அமிட்ராஸ் கரைசல் என்று ஐந்து மாதம் போயிற்று. இப்போது டெமோடெக்ஸுக்கு மெல்லும் மாத்திரைகள் வந்துவிட்டன, வேலை எளிது. ஆயினும் தோல் பார்வைக்கு நன்றாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்து, இரண்டிலும் உண்ணி இல்லை என்றான பிறகே மருத்துவர் நிறுத்தச் சொல்வார்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. ஒவ்வாமையால் தவிக்கும் நாய்க்கு மருத்துவர் அளந்து கொடுத்தால் அது வரம். நான் எரிச்சல்படுவது, சில நிமிடங்களில் முடிகிற அந்தச் சுரண்டல் சோதனையைத் தாண்டிக் குதிப்பவர்களைப் பார்த்துத்தான். டியூபில் வரும் மூன்று மருந்துக் கலவைக்கும் இதே கதைதான். அதிலும் ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும், தோலில் தடவியதை நாய் நக்கி உள்ளேயும் அனுப்பிவிடும்.

வீட்டில் பார்க்காமலே கிளம்புவது

மருத்துவரிடம் போகுமுன் ஐந்து நிமிடம் செலவழித்தால் அவருக்குப் பாதி விடை கிடைக்கும். நாயைக் கறுப்புத் துணியின்மேல் நிறுத்தி நெருக்கமான சீப்பால் முதுகை வாருங்கள். விழுந்த பொடுகு தானாக நகர்ந்தால் அது செய்லட்டியெல்லா என்ற உண்ணி. கறுப்புத் துகள் விழுந்தால் நனைத்த வெள்ளைக் காகிதத்தில் வைத்துத் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது உங்கள் நாயின் இரத்தம். அரிப்பே இல்லாமல் செதில் உதிர்ந்து, இருபுறமும் ஒரே மாதிரி முடி கொட்டி, நாய் சோம்பிப் பருத்தால் தைராய்டுச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள்.

ஷாம்பூ போட்ட கையோடு அலசுவது

மருந்து ஷாம்பூ தோலில் பத்து நிமிடமாவது ஊற வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே சொல்கிறேன், மனக்கணக்கில் பத்து நிமிடம் என்பது மூன்று நிமிடம்தான். அலசுவது அதைவிட நேரம் பிடிக்க வேண்டும். எங்கள் பகுதிப் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும் உப்புத் தண்ணீர். அதில் நுரையும் சரியாக வராது, ஷாம்பூவும் முழுதாகப் போகாது. மிஞ்சியது காய்ந்து புதுச் செதிலாக உதிர்வதைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று பாட்டிலை மாற்றியவர்கள் பலர். கடைசி இரண்டு குடத்தை நல்ல தண்ணீரில் ஊற்றுங்கள்.

மாட்டு ஊசியைப் போடுவது

மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். சிறிய நாய்க்கு அளவு மிகக் கூடினால் கோமா வரை போகலாம். கோலி வகை நாய்களுக்கு அதைவிட மிகக் குறைந்த அளவே ஆபத்தாகிவிடும், ஏனெனில் மூளைக்குள் போன மருந்தை வெளியேற்றும் மரபணு அவற்றில் பலவற்றுக்குப் பழுதாக இருக்கும்.

கழிவு ஆயில், மண்ணெண்ணெய்

வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும், மீதியை நாய் நக்கித் தின்னும்.

தயிர்ச்சோற்றை விடாமல், மேலே மட்டும் எண்ணெய் தடவுவது

தோலின் எண்ணெய்ப்பசை உள்ளேயிருந்து வருவது. தயிர்ச்சோறும் பால்சோறும் மட்டுமே தின்னும் நாய்க்குப் புரதமும் போதாது, தோலுக்கு வேண்டிய லினோலியிக் அமிலம் என்ற கொழுப்புச் சத்தும் போதாது. தேங்காய் எண்ணெயைத் தடவினால் செதில் இரண்டு நாள் ஒட்டிக் கிடக்கும், புழுதியும் சேர்ந்து ஒட்டும், அவ்வளவுதான். முட்டை, வேகவைத்து முள் நீக்கிய மத்தி மீன், வெங்காயமே சேராத கறி என்று தட்டை மாற்றுங்கள். மீன் எண்ணெய் மாத்திரை கொடுப்பவர்கள் பெயரைப் படித்து வாங்க வேண்டும்: காட் மீனின் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு, அதில் வைட்டமின் ஏயும் டியும் மிகும். எதைக் கொடுத்தாலும் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துத்தான் தோலில் தெரியும்.

மேலூர் இளைஞரின் நாய்க்கு வருவோம். டியூபைத் திருப்பி வாங்கும்போது அவருடைய முழங்கைக்குக் கீழே வட்டமாகச் சிவந்திருந்ததைப் பார்த்தேன். அதற்கும் அதே டியூபைத்தான் தடவிக் கொண்டிருந்தாராம். நாயைக் கால்நடை மருத்துவரிடமும், அவரைத் தோல் மருத்துவரிடமும் அனுப்பினேன். படர்தாமரை என்ற சந்தேகத்தில் நாயின் முடியைப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். முடிவு வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதுவரை வீட்டுக் குழந்தைகள் நாயைத் தூக்க வேண்டாம், நாய் படுத்த சாக்கை எரித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.